ஆம்புலன்ஸில் ஏறாத தகவல்

2009 பிப்ரவரி 17 அன்று, டென்வர் நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் அதிபர் பராக் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொருளாதாரச் சரிவிலிருந்து அமெரிக்காவைத் தூக்கி நிறுத்துவதற்கான பெரும் செலவுத் திட்டம் அது. அதற்குள் ‘ஹைடெக்’ என்ற சுருக்கப் பெயரில் ஓர் உட்பிரிவு இருந்தது. காகிதக் கோப்புகளைக் கைவிட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் அரசு ஊக்கத்தொகை தரும். மாறாதவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து, முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் பணத்தில் வெட்டு விழும். கொடுத்த பணம் வேலை செய்தது. 2008-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றில்கூட அடிப்படையான மின்னணுப் பதிவேடு இல்லை. 2015-ல் பத்தில் எட்டுக்கு மேல் அதற்கு மாறிவிட்டன. இவ்வளவு பெரிய துறை ஏழே ஆண்டுகளில் தன் எழுதும் முறையை மாற்றிக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அந்த ஊக்கத்தொகைப் பட்டியலில் சிலருக்கு இடமில்லை. நர்சிங் ஹோம்கள், வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் செவிலியர் அமைப்புகள், மறுவாழ்வு மருத்துவமனைகள், மாதக்கணக்கில் சுவாசக் கருவியோடு இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நீண்டகால மருத்துவமனைகள் ஆகிய நான்கு வகையினரும் விடுபட்டார்கள். ஒரு மனிதர் மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும் போய்ச் சேரும் இடங்கள் இவைதாம். பாலத்தின் ஒரு கரையில் மட்டும் தூண் நட்ட கதையாகிவிட்டது அது. அதன் விளைவுகளை அமெரிக்கா இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்திருபது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது வேறு. முதியவர்களும் நீண்ட நாள் நோயாளிகளும் அங்கேயே தங்கிப் பராமரிக்கப்படுகிறார்கள். ஏறத்தாழ 15,000 இல்லங்களில் சுமார் 12 லட்சம் பேர் இருக்கிறார்கள். அதே கட்டடத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்தோ, பக்கவாதம் வந்தோ, நுரையீரல் அழற்சியில் படுத்தோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, உடம்பு தேறும் வரை சில வாரங்கள் தங்கிப் போகிறவர்கள் அவர்கள். மருத்துவமனையில் உள்நோயாளியாக 3 நாள் இருந்திருந்தால், அதன் பிறகு 100 நாள் வரையிலான இந்தப் பராமரிப்புக்கு மெடிகேர் காப்பீடு கைகொடுக்கும். அதில் முதல் 20 நாளுக்கு நோயாளி எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆக, மருத்துவமனையிலிருந்து நர்சிங் ஹோமுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும், உடம்பு மோசமானால் திரும்ப மருத்துவமனைக்குமாக முதியவர்கள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது 82. தனியாக வாழ்ந்தவர். சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி நர்சிங் ஹோமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவரைப் பொறுப்பேற்கும் செவிலிக்கு அன்றிரவுக்குள் தெரிந்தாக வேண்டியவை நிறைய. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியை இன்று போட்டுவிட்டார்களா, இன்னும் எத்தனை நாள் போட வேண்டும்? வலி மாத்திரை கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்? அறுவை செய்த காலை ஊன்றலாமா, கூடாதா? ஒருவர் தாங்கினால் எழுந்து நிற்பாரா, இரண்டு பேர் வேண்டுமா? மலம் கழித்து எத்தனை நாளாகிறது? தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? முதுகின் அடியில் தெரியும் சிவப்பு மருத்துவமனையிலேயே வந்ததா? ஏதேதோ பேசுகிறாரே, இது பழைய மறதியா, அறுவைக்குப் பின் வந்த குழப்பமா?

கடைசிக் கேள்வி ஒன்றே போதும், இந்த விஷயத்தின் கனத்தை உணர. பழைய மறதி என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசி அமைதிப்படுத்தலாம். நேற்று வந்த குழப்பம் என்றால் உடம்புக்குள் தொற்றோ, மருந்தின் விளைவோ, வேறேதோ நடந்துகொண்டிருக்கிறது. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இரண்டும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது, அவர் முந்தைய வாரம் எப்படி இருந்தார் என்ற தகவல் ஒன்றுதான். அந்தத் தகவல் பல நேரம் ஆம்புலன்ஸில் ஏறுவதில்லை. வருவது ஃபேக்ஸில் அனுப்பிய ஒரு கட்டுக் காகிதம். ரத்தப் பரிசோதனை முடிவுகளும் நோய்க் குறியீடுகளும் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். காலை ஊன்றலாமா என்பது இருக்காது.

விஸ்கான்சின் மாநிலத்தில் நர்சிங் ஹோம் செவிலியர்களோடு உட்கார்ந்து பேசி எழுதப்பட்ட ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. வந்த தகவலில் குறையும் பிழையும் இருப்பது வழக்கமாகிவிட்டது என்றார்கள் அவர்கள். மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து கேட்பதில் மணிக்கணக்கில் போகிறது. அதற்குள் பணிமுறை மாறி, நோயாளியை அறிந்த செவிலி வீட்டுக்குப் போயிருப்பார். மருந்து தாமதமாகிறது, வலி நீள்கிறது, உடன்வந்த பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். இந்த இல்லத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற எண்ணம் முதல் நாளே விழுந்துவிடுகிறது. வின்சென்ட் மோர் தலைமையிலான ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டின் மெடிகேர் கணக்குகளைப் புரட்டினார்கள். மருத்துவமனையிலிருந்து நர்சிங் ஹோமுக்குப் போனவர்களில் 23.5 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் திரும்ப மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் இதற்கான செலவு 434 கோடி டாலர். எல்லாவற்றுக்கும் தகவல் குறைபாடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. முதுமையும் நோயும் தம் வேலையைச் செய்யத்தான் செய்யும். ஆனால் தவிர்த்திருக்கக்கூடியவை அந்தக் கூட்டத்தில் ஏராளம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் மருத்துவர் லாரன்ஸ் கார்பரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011 வாக்கில், மத்திய அரசின் மானியத்தோடு, இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். அதுவரை அனுப்புகிறவர் தம்மிடம் இருப்பதை அனுப்பினார். இவர்கள் பெறுகிறவரிடம் போனார்கள். நர்சிங் ஹோம் செவிலி, வீட்டுக்குப் போகும் செவிலி, பிசியோதெரபிஸ்ட், அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் என்று பலரையும் கேட்டார்கள்: ஒருவர் உங்களிடம் வந்து சேரும்போது உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? பட்டியல் நூற்றுக்கணக்கான விவரங்களாக நீண்டது. அப்போது புழக்கத்திலிருந்த தரப்படுத்தப்பட்ட மின்னணு ஆவணத்தில் அவற்றுள் பலவற்றுக்கு இடமே இல்லை. உடலின் செயல்திறன், தோலின் நிலை, நோயாளி தமக்கு வேண்டும் என்று சொன்னவை எல்லாம் வெளியே நின்றன. அந்தப் பட்டியல் பிறகு தேசியத் தரநிலைக்குள் போய், இடமாற்றச் சுருக்கம், பராமரிப்புத் திட்டம் என்ற புதிய ஆவண வகைகள் பிறக்கக் காரணமாயிற்று.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பதிவேட்டு மென்பொருள் வாங்க வசதியில்லாத இல்லங்களுக்காக, இணைய உலாவியிலேயே ஆவணத்தைத் திறந்து படித்து, திருத்தி, அடுத்தவருக்கு அனுப்பும் எளிய வழி ஒன்றை உருவாக்கினார்கள். மென்பொருள் இல்லாதவர்களையும் பேச்சுக்குள் இழுத்த இந்த எண்ணத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. தொழில்நுட்பத் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வசதி உள்ளவரை மேலும் வசதியாக்கும். இது கடைக்கோடியில் இருந்தவரிடமிருந்து தொடங்கியது.

இங்கே ஒரு விசித்திரம். ஊக்கத்தொகையிலிருந்து விடுபட்ட இந்த நர்சிங் ஹோம்கள், கணினித் தரவைப் பொறுத்தவரை மருத்துவமனைகளுக்கு மூத்தவை. 1986-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் நர்சிங் ஹோம்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைப்பது, மயக்க மருந்து கொடுத்து அடக்குவது, திரும்பிப் படுக்கவைக்க ஆளில்லாமல் புண் வைப்பது எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வந்திருந்தன. அடுத்த ஆண்டு இறுதியில் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரையும் ஒரே சீரான முறையில் மதிப்பிட வேண்டும் என்றது அது. ஜான் மோரிஸ், பிராண்ட் ஃப்ரைஸ், கேதரின் ஹாஸ், வின்சென்ட் மோர் ஆகியோர் அடங்கிய குழு அதற்கான படிவத்தை வடித்தது. எம்.டி.எஸ். என்று அந்தத் துறையில் எல்லோரும் சொல்வது அதைத்தான்.

வந்து சேர்ந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிலைமை பெரிதாக மாறினால் மறுபடியும். பார்வை, கேட்கும் திறன், நினைவு, மனச்சோர்வு, நடை, சாப்பாடு, கழிப்பறைப் பழக்கம், வலி, எடை, தோல் என ஒரு மனிதரின் அன்றாடம் முழுவதும் அதில் அடங்கும். 1998 முதல் எல்லா இல்லங்களும் இதை மின்னணு முறையில் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். மருத்துவமனைகள் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்த காலம் அது! சட்டமும் படிவமும் மேற்பார்வையும் சேர்ந்து பலனும் தந்தன. 1991-ல் நீண்டநாள் தங்கியிருந்தவர்களில் 21 விழுக்காட்டினர் தினமும் கட்டிவைக்கப்பட்டார்கள். 2007-ல் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

2010 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு முக்கியமான திருப்பம். அதுவரை ஊழியர்கள் பார்த்து நிரப்பிய பல கேள்விகளை இனி அந்த முதியவரிடமே கேட்க வேண்டும் என்றார்கள். டெப்ரா சலிபா என்ற முதியோர் மருத்துவரின் தலைமையில் நடந்த ஆய்வு, மறதி உள்ளவர்களில்கூடப் பெரும்பாலோர் தம்மைப் பற்றித் தாமே பதில் சொல்லிவிடுவார்கள் என்று காட்டியிருந்தது. நினைவுச் சோதனையில் காலுறை, நீலம், கட்டில் என்ற மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்பார்கள். 15-க்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். வலி எவ்வளவு என்று அவரே சொல்வார். உடுத்தும் உடையைத் தேர்ந்தெடுப்பதும் தூங்கும் நேரத்தை முடிவுசெய்வதும் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்றும் கேட்பார்கள். அரசுப் படிவம் ஒன்று ஒரு மூதாட்டியிடம் இதைக் கேட்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கேட்ட பிறகு அதன்படி நடக்கிறார்களா என்பது இல்லத்துக்கு இல்லம் மாறும். ஆனாலும் கேட்பது கட்டாயம்.

இவ்வளவு தகவல் செல்வம் கையில் இருந்தும் அது மேல்நோக்கி மட்டுமே பாய்ந்தது. இல்லத்திலிருந்து அரசுக்குப் போகும். அங்கே கட்டணக் கணக்குக்கும் தர மதிப்பீட்டுக்கும் உதவும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மருத்துவமனைக்கு அது போகாது. நள்ளிரவில் அதே மூதாட்டியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், அங்கிருக்கும் மருத்துவருக்கு மூன்று சொல் சோதனையில் அவர் எவ்வளவு எடுத்தார் என்று தெரியாது. இந்த அடைப்பைப் பென்சில்வேனியாவில் கெய்சிங்கர் மருத்துவக் குழுமத்தைச் சார்ந்த கீஹை என்ற தகவல் பரிமாற்ற அமைப்பு சாமர்த்தியமாகத் திறந்தது. எப்படியும் நிரப்பித்தானே ஆக வேண்டும் என்று எம்.டி.எஸ். கோப்பையே எடுத்து, மருத்துவமனைகள் படிக்கக்கூடிய சுருக்க ஆவணமாக மாற்றித் தரும் கருவியை உருவாக்கியது. செவிலி கூடுதலாக ஒரு எழுத்துகூடத் தட்ட வேண்டாம். இந்தத் துறையில் நான் அறிந்த நல்ல யோசனைகளில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன: புதிதாக எதையும் எழுதச் சொல்லாமல், எழுதியதை உரியவரிடம் சேர்க்கின்றன.

சேர்த்தால் மட்டும் போதுமா? படிக்கிறவருக்குப் புரிய வேண்டுமே. இங்குதான் சிக்கலின் அடுத்த அடுக்கு. நர்சிங் ஹோமுக்கு எம்.டி.எஸ். போல, வீட்டுச் செவிலியர் அமைப்புக்கு ஒயாசிஸ் என்ற படிவம். மறுவாழ்வு மருத்துவமனைக்கு ஒன்று. நீண்டகால மருத்துவமனைக்கு இன்னொன்று. நான்கும் ஒருவர் நடப்பதை மதிப்பிட்டன. நான்கும் வேறு வேறு விதமாக. நர்சிங் ஹோம் படிவத்தில் 0 என்றால் தானாகவே எல்லாம் செய்துகொள்கிறார் என்று பொருள். 4 என்றால் முழுக்க முழுக்க அடுத்தவரைச் சார்ந்திருக்கிறார். மறுவாழ்வு மருத்துவமனையின் அளவுகோலில் 7 என்றால் தானாகச் செய்கிறார், 1 என்றால் முழுச் சார்பு. ஒன்றில் எண் ஏற ஏற உடல் நலிகிறது. மற்றதில் எண் ஏற ஏற உடல் தேறுகிறது. மறுவாழ்வு மருத்துவமனையில் 4 வாங்கியவர் கொஞ்சம் கைதாங்கினால் நடப்பவர். அதே 4 நர்சிங் ஹோமில் எழுதப்பட்டால், அவரால் தானாக எதுவுமே முடியாது. ஒரே உடம்பு, ஒரே எண், எதிரெதிர்ச் செய்தி.

2014 அக்டோபரில் வந்த இம்பாக்ட் சட்டம் இதைச் சரிசெய்யச் சொன்னது. நான்கு இடங்களிலும் சில கேள்விகளாவது ஒரே மாதிரி கேட்கப்பட வேண்டும்; கணினிகள் ஒன்றுக்கொன்று பேசத்தக்க குறியீடுகளில் பதில் இருக்க வேண்டும். அப்படி வந்த பொதுப் பகுதிக்கு ‘ஜிஜி’ என்று பெயர். எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, 50 அடி நடந்து இரண்டு முறை திரும்புவது போன்றவற்றை 1 முதல் 6 வரை மதிப்பிடுகிறது அது. 6 என்றால் உதவியே வேண்டாம். 2016 முதல் படிப்படியாக எல்லாப் படிவங்களுக்குள்ளும் வந்தது. பழைய 0–4 பகுதி நர்சிங் ஹோம் படிவத்திலிருந்து 2023 அக்டோபரில்தான் முழுமையாக நீங்கியது. ஒரு மனிதர் நடக்கிறாரா என்பதை நான்கு இடங்களில் ஒன்றாகச் சொல்லப் பழகுவதற்கு ஒன்பது ஆண்டுகள்! செய்தித்தாளில் வராத இப்படிப்பட்ட வேலைதான் தகவல் தொழில்நுட்பத்தில் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். வேகமான கணினியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நான்கு தொழில்களை ஒரே அளவுகோலுக்கு ஒப்புக்கொள்ள வைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

படிவத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. அதே தாளை வைத்துக் கட்டணமும் தீர்மானிக்கிறார்கள், நட்சத்திர மதிப்பீடும் தருகிறார்கள் என்றால், நிரப்புகிறவரின் பேனா ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சங்கவியும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். நர்சிங் ஹோமில் விழுந்து பலத்த காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கை மெடிகேர் ரசீதுகளிலிருந்து எடுத்து, அந்த விழுகைகள் இல்லங்களின் படிவத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். 57.5 விழுக்காடுதான் இருந்தது. மனநோய் மருந்து விஷயமும் அப்படியே. முதியவர்களை அடக்கி வைக்க அம்மருந்துகளைத் தருவதைக் குறைப்பதற்காக, எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள் என்று அரசு வெளியிட்டது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மருந்து தேவை என்பதால் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. விளைவு, ஆதாரமில்லாமலே மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. 2023-ல் அரசு இதைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. தன் வாழ்நாளில் இல்லாத ஒரு நோயின் பெயர், ஒருவருடைய பதிவேட்டில் கடைசிக் காலத்தில் ஏறுகிறது. அது பதிவேட்டோடு கூடவே பயணம் போகும். அடுத்த மருத்துவர் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். தகவல் பரிமாற்றம் பெருகப் பெருகப் பொய்யும் அதே வேகத்தில் பரவும் என்பதை இந்தத் துறையினர் போதிய அளவு பேசுவதில்லை.

2020 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லண்டில் ஒரு நர்சிங் ஹோமில் கொரோனா பரவியது தெரியவந்தது. அடுத்த வாரங்களில் நாடெங்கும் இல்லங்களுக்குள் அது புகுந்தது. எத்தனை இல்லங்களில் பரவியிருக்கிறது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசிடம் ஒரு பட்டியல்கூட இல்லை. 20 ஆண்டுகளாக மின்னணுப் படிவம் அனுப்பிக்கொண்டிருந்த இல்லங்கள்தாம் அவை! மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மனிதரின் நிலையைச் சொல்வதற்காக அமைத்த குழாயில் இன்று காலை நடந்ததைச் சொல்ல வழியில்லை. மே மாதத்தில்தான் வாரந்தோறும் எண்ணிக்கை அனுப்புவது கட்டாயமாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

ஃபயர் என்று உச்சரிக்கப்படும் புதிய தரநிலை இந்த இடத்தில் வந்து உதவுகிறது. ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011-ல் தொடங்கிவைத்தது. முழு ஆவணத்தையும் ஒரே கட்டாக அனுப்புவதற்குப் பதிலாக, தேவையான ஒரு விவரத்தை மட்டும் கேட்டுப் பெற அது வழிசெய்கிறது. இந்த நோயாளியின் இன்றைய மருந்துப் பட்டியல் என்ன, கடைசியாக நடந்த நடைச் சோதனையில் எவ்வளவு என்று ஒரு கணினி கேட்க, மற்றது அதை மட்டும் சொல்லும். 2019-ல் அரசின் மெடிகேர் அமைப்பும் மைட்டர் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பாசியோ என்ற பெயரில், நர்சிங் ஹோம் போன்ற இடங்களுக்கு ஏற்ற ஃபயர் வழிமுறைகளை எழுதத் தொடங்கின. உடலின் செயல்திறன், அறிவுத் திறன், உயிர் காக்கும் சிகிச்சை எதுவரை வேண்டும் என்ற முன்கூட்டிய விருப்பம் ஆகியவற்றுக்கு முதலிடம் தந்தார்கள். வூஸ்டரில் செவிலியர்கள் கேட்டவைதாம் இவை.

சரி, எல்லாத் தகவலும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். முதலில் அந்தத் தகவல் எங்கே பிறக்கிறது?

நர்சிங் ஹோமில் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் செவிலி உதவியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் குடியேறி வந்தவர்கள், சம்பளம் குறைவு. அவர்களுக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். 2000-ல் கென்னத் பூக்வாரும் உடன் ஆய்வாளர்களும், முதியவரிடம் தெரியும் சின்னச் சின்ன மாறுதல்களைக் குறிக்க இவர்களுக்கு ஓர் எளிய தாள் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் அறிகுறிகள் மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாவதற்குச் சராசரியாக 5 நாள் முன்பே உதவியாளர்கள் ஏதோ சரியில்லை என்று குறித்திருந்தார்கள். இன்றைக்குப் பாதி இட்லிதான் சாப்பிட்டார் என்று நம் வீட்டில் ஒருத்தி கவனிப்பதைப் போன்ற கவனிப்பு அது. எந்தக் கருவியும் தொடாத இடத்தை அது தொடுகிறது.

புளோரிடாவைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் ஜோசப் அவுஸ்லாண்டர் குழுவினர் வடித்த இன்டராக்ட் திட்டத்தில் இதற்கென்றே ஒரு சிறிய அட்டை உண்டு. வழக்கத்துக்கு மாறாக இருக்கிறார், பேச்சு குறைந்திருக்கிறது, கூடுதல் உதவி தேவைப்படுகிறது, குறைவாகச் சாப்பிட்டார், குறைவாகக் குடித்தார், சோர்ந்திருக்கிறார், தோல் நிறம் மாறியிருக்கிறது. பார்த்ததை வட்டமிட்டுச் செவிலியிடம் கொடுக்க வேண்டியதுதான். இப்போது சுவரில் பொருத்திய தொடுதிரையிலேயே அதைத் தட்டிவிடலாம். செவிலியின் திரையில் எச்சரிக்கை எழும். 25 இல்லங்களில் நடந்த முதல் முயற்சியில் மருத்துவமனைக்கு அனுப்புவது 17 விழுக்காடு குறைந்ததாக 2011-ல் எழுதினார்கள். நம்பிக்கை பிறந்தது. ஆனால் இல்லங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு 2017-ல் வந்தபோது குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பயிற்சியும் கருவியும் கொடுத்தாலும், அட்டையை வாங்கிப் பார்த்து முடிவெடுக்க ஆளும் நேரமும் இல்லாத இல்லத்தில் அது இன்னொரு காகிதமாகிவிடும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்படிப் புரிந்துகொள்ளக் காரணம் மிசௌரி. மிசௌரி பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில் மேரிலின் ரான்ட்ஸ் தலைமையில் 2012 முதல் செயின்ட் லூயிஸ் பகுதியின் 16 நர்சிங் ஹோம்களில் ஒரு முயற்சி நடந்தது. இன்டராக்ட் அட்டைகள் அங்கும் இருந்தன. கூடவே ஒவ்வோர் இல்லத்திலும் முழுநேரமாக உயர்பயிற்சி பெற்ற ஒரு செவிலியை அமர்த்தினார்கள். மருத்துவமனையோடு பாதுகாப்பான மின்னணுத் தொடர்புக்கும் தனியாக உதவினார்கள். அங்கே மருத்துவமனைக்கு அனுப்புவது கணிசமாகக் குறைந்தது. உதவியாளர் பார்த்ததைக் கேட்டு, உடனே போய் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, சிறுநீர்த் தொற்றோ நீரிழப்போ என்று அங்கேயே தீர்மானிக்க ஒருவர் இருந்தார்.

அதே பல்கலைக்கழகம் கொலம்பியா நகரில் 2004-ல் திறந்த டைகர்பிளேஸ் என்ற முதியோர் குடியிருப்பில், மார்ஜரி ஸ்குபிக் என்ற பொறியாளரும் ரான்ட்ஸும் உணர்விகளைக் கொண்டு இன்னும் நுட்பமாகப் போனார்கள். மெத்தைக்கடியில் நீர் நிரப்பிய மெல்லிய குழாய். மேலே படுத்திருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் புரளுவதையும் அது உணரும். விளையாட்டுக்காக வந்த கினெக்ட் என்ற ஆழமறியும் கேமரா ஒரு மூலையில். அதில் முகம் பதிவாகாது, நிழலுருவம் மட்டும். அவர் தன்பாட்டில் அறையில் நடக்க நடக்க, நடைவேகம் தினமும் கணக்காகிறது. ஒரு வாரத்தில் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் குறைந்தால், அடுத்த மூன்று வாரத்துக்குள் அவர் விழுவதற்கான வாய்ப்பு 86 விழுக்காடு என்று கண்டார்கள். அருகில் இருப்பவர் கண்ணுக்கு அந்தக் குறைவு தெரியாது. இரவில் கழிப்பறைக்கு அடிக்கடி போவது சிறுநீர்த் தொற்றைக் காட்டிக்கொடுக்கும். நோய் முற்றுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே இப்படி எச்சரிக்கை கிடைக்கிறது. இங்கும் எச்சரிக்கை போய்ச் சேர்வது ஒரு செவிலியிடம். வந்தவற்றில் எது பொருட்டு, எது வெறும் சலனம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் நிரலே திருத்தப்பட்டது.

எல்லாம் கணினிக்குள் போன பிறகு வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2019 நவம்பரில் மில்வாக்கியைச் சேர்ந்த ஒரு கணினிச் சேவை நிறுவனத்தைப் பணம்பறிப்பு மென்பொருள் தாக்கியது. அதை நம்பியிருந்த சுமார் 110 நர்சிங் ஹோம்கள் பதிவேடுகளை இழந்து நின்றன. கேட்ட தொகை 1.4 கோடி டாலர். இந்தத் துறையின் லாபம் மெலிந்தது. தனியாகக் கணினிப் பாதுகாப்பு ஆட்களை வைக்கப் பல இல்லங்களால் முடியாது. ஊக்கத்தொகை கிடைக்காதவர்கள் தம் கைப்பணத்தில் மலிவானதை வாங்கியதன் இன்னொரு முகம் இது. 2016-ல் நர்சிங் ஹோம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மின்னணுப் பதிவேடு வைத்திருந்தன. வெளியே இருப்பவர்களோடு மின்னணு முறையில் தகவல் பரிமாறிக்கொண்டவை மூன்றில் ஒன்றுகூட இல்லை.

2022 ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் நர்சிங் ஹோம்கள் பற்றிப் புதிய அறிக்கை ஒன்றை வெளியிட்டன. 1986 அறிக்கையைத் தந்த மருத்துவக் கழகத்தின் வழிவந்த குழுதான் இது. அதன் ஏழு இலக்குகளில் ஏழாவது தகவல் தொழில்நுட்பம். 2009-ல் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது போன்ற நிதி ஊக்கம் நர்சிங் ஹோம்களுக்கும் கிடைக்க வழி காண வேண்டும் என்றது. வாங்கிய மென்பொருள் உண்மையில் பயன்படுகிறதா என்பதை ஊழியர்களிடமும், அங்கே வாழ்பவர்களிடமும், அவர்கள் குடும்பத்தாரிடமும் கேட்டு அளக்க வேண்டும் என்றது. செவிலி உதவியாளர்களுக்கான குறைந்தபட்சப் பயிற்சியை 75 மணியிலிருந்து 120 மணியாக உயர்த்தச் சொன்னதும் அதே அறிக்கைதான். முதல் பரிந்துரை மட்டும் நிறைவேறி மூன்றாவது கிடப்பில் போடப்பட்டால், தொடுதிரை புதிதாக இருக்கும். அதில் எதைத் தட்டுவது என்று தெரிந்தவர் இருக்க மாட்டார்.